சேர்த்த பொருள் எங்கே போய் உட்காருகிறது?

இன்சுலினை வாய்வழியாகக் கொடுக்க நடந்த முயற்சிகளில் எனக்குப் பிடித்த ஒன்றில் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. ஆமாம், துருப்பிடித்த ஆணியின் மேல் படிகிறதே, அந்தக் குடும்பம்தான். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் எடித் மாத்தியோவிட்ஸின் குழு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அது. பி.எல்.ஜி.ஏ. என்ற, உடலுக்குள் தானாகச் சிதைந்து போகும் பாலிமரில் (நீண்ட சங்கிலி மூலக்கூறில்) மிகச்சிறிய உருண்டைகளைச் செய்தார்கள். அவற்றில் இன்சுலின் வெறும் 1.6 சதவீதம். கூடவே ஃபியூமாரிக் அன்ஹைட்ரைடின் குட்டைச் சங்கிலிகளையும் இரும்பு ஆக்சைடையும் சேர்த்தார்கள். வாய்வழியாகக் கொடுத்தபோது, வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்ட இன்சுலினோடு ஒப்பிட்டால் 11.4 சதவீத அளவுக்கு வேலை செய்தது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் இன்சுலினை அப்படியே விழுங்கினால், இரைப்பையும் குடலும் அதைச் சாம்பாரில் இருக்கும் பருப்புப் புரதத்தோடு சேர்த்துச் செரித்துவிடும். அந்த நிலையிலிருந்து பார்த்தால் 11.4 சின்ன எண் இல்லை.

சேர்த்த அந்த இரண்டு பொருளும் மருந்தல்ல. உருண்டை குடல்சுவரை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் போட்டவை. அன்ஹைட்ரைடு நீர் பட்டதும் உடைந்து கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகளைத் தரும். அவை குடலின் கோழைப்படலத்தோடு ஹைட்ரஜன் பிணைப்புப் போடும். உலோக ஆக்சைடு, எதிர்மின்னேற்றம் உள்ள கோழையைத் தன் பக்கம் இழுக்கிறது என்பது சொல்லப்படும் விளக்கம்.

மருந்தைச் சுமக்கும், கோழையில் ஒட்டும் இந்த வகை உருண்டைகளுக்கு மியூக்கோஅட்ஹெசிவ் மைக்ரோஸ்பியர் என்று பெயர். நம்மூர் எம்.ஃபார்ம் மாணவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. எந்த ஃபார்மசி கல்லூரி நூலகத்திலும் ஆய்வேடுகள் அடுக்கியிருக்கும் அலமாரியில் கைவிட்டால் ஒன்றாவது மாட்டும். ஒரு மருந்து, ஒரு பாலிமர், ஒரு துணைப்பொருள். அந்தத் துணைப்பொருளின் அளவை மாற்றி மாற்றி எஃப்1 முதல் எஃப்9 வரை ஒன்பது கலவைகள். கடைசியில் ‘எஃப்6 சிறந்தது’ என்று ஒரு முடிவு. நானும் அந்த வழியாக வந்தவன்தான், அதனால் கிண்டல் செய்ய எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இப்போது பிறர் எழுதியதைப் படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்: சேர்த்தீர்கள், சரி. உருண்டை கோழையைத் தொடும் நேரத்தில் அந்தப் பொருள் எங்கே இருக்கிறது? உள்ளேயா, மேற்பரப்பிலா, இல்லை கழுவும்போதே சிங்க்கில் போய்விட்டதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் ஒட்டுதல், ஊதல் (நீரை உறிஞ்சிப் பருப்பது), மருந்து வெளிவரும் வேகம் எல்லாவற்றையும் ஓரளவு முன்கூட்டியே ஊகித்துவிடலாம். தெரியாவிட்டால் எஃப்6 ஏன் சிறந்தது என்று எஃப்6-க்கே தெரியாது.

கோழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அதில் 95 சதவீதம் தண்ணீர். மீதியில் முக்கியமானது மியூசின் என்ற மிக நீளமான புரதச் சங்கிலி; அதன்மேல் சர்க்கரைக் கிளைகள் அடர்ந்திருக்கும். கிளைகளின் நுனியில் சயாலிக் அமிலம். அதன் பி.கே.ஏ. (அமிலத்தில் பாதி மின்னேற்றம் பெறும் பி.எச்.) 2.6 அளவில் இருப்பதால், இரைப்பையின் கடும் அமிலத்தைத் தவிர மற்ற இடங்களில் எல்லாம் கோழை எதிர்மின்னேற்றத்தோடுதான் இருக்கும். இன்னொன்று, கோழை ஒரே இடத்தில் நிற்பதில்லை. எலிக் குடலில் 1991-ல் அளந்தபோது, கோழைப்படலம் முழுதாகப் புதுப்பிக்கப்பட 47 முதல் 270 நிமிடங்கள் ஆனது. அதாவது நம் உருண்டை எவ்வளவு பலமாகப் பிடித்துக்கொண்டாலும், பிடித்த கோழையே கழன்று போகும்போது அதுவும் கூடவே போய்விடும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கைட்டோசானிலிருந்து தொடங்கலாம். இறால் ஓட்டிலிருந்து கைட்டின் எடுத்து, காரத்தில் வேகவைத்து அசிட்டைல் தொகுதிகளை நீக்கினால் கைட்டோசான். அதன் சங்கிலி நெடுக அமினோ தொகுதிகள். பி.எச். சுமார் 6.5-க்குக் கீழே போனால் இவை நேர்மின்னேற்றம் பெறும். எதிரே சயாலிக் அமிலம் எதிர்மின்னேற்றத்தோடு காத்திருக்கும். ஒட்டுவதற்கு இதைவிடத் தோதான ஜோடி கிடைக்காது. ஆனால் வெறும் கைட்டோசான் உருண்டை அமிலத்தில் கரைந்துவிடும். அதனால் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் குறுக்குப் பிணைப்பான் ஒன்று வேண்டும். வழக்கமாகப் போடுவது குளூடரால்டிஹைடு. அது எதைப் பிடித்துப் பிணைக்கிறது? அதே அமினோ தொகுதிகளைத்தான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒட்டுதலுக்கு வேண்டிய தொகுதியும் பிணைப்புக்கு வேண்டிய தொகுதியும் ஒன்றே. குளூடரால்டிஹைடைக் கூட்டக் கூட்ட வலை இறுகும், ஊதல் குறையும், மருந்து மெதுவாக வரும். கூடவே ஒட்டுதலும் குறையும். இதை ஆய்வேடுகளில் ‘வியப்பூட்டும் முடிவு’ என்கிற தொனியில் எழுதுவார்கள். வியப்பு ஒன்றுமில்லை. அமினோ தொகுதிகளுக்கு ஒரு பட்ஜெட் இருக்கிறது. ஒரு பக்கம் செலவழித்தால் மறுபக்கம் இருக்காது. சங்கிலிகள் இறுகிப் போவது இன்னொரு நஷ்டம். ஒட்டுதல் என்பது மின்னேற்றத்தோடு முடிகிற காரியமில்லை. பாலிமரின் சங்கிலி நுனிகள் கோழைக்குள் நுழைந்து மியூசினோடு பின்னிக்கொள்ள வேண்டும். எல்லாப் பக்கமும் கட்டிப்போட்ட சங்கிலிக்கு நுழைய ஏது நுனி?

குளூடரால்டிஹைடில் வேறொரு தொல்லையும் உண்டு. வினையாற்றாமல் தங்கிவிட்டால் திசுவுக்கு நச்சு. எனவே சிலர் டிரைபாலிபாஸ்பேட்டுக்குப் போனார்கள். அது மின்னேற்றத்தால் மட்டும் பிணைப்பது, வேதிப்பிணைப்பு இல்லை. பிணைப்பு மென்மையானது, பி.எச். மாறினால் தளர்ந்துவிடும். இன்னும் சிலர் கார்டீனியா காயிலிருந்து எடுக்கும் ஜெனிபினுக்குப் போனார்கள். நச்சு குறைவு, ஆனால் அதுவும் அமினோ தொகுதியைத்தான் பிடிக்கிறது, போதாக்குறைக்கு உருண்டையைக் கருநீலமாக்கிவிடும். வெள்ளை மருந்து கேட்ட கம்பெனிக்காரரிடம் நீலப் பொடியை நீட்டினால் என்ன சொல்வார் என்று தெரியும்.

அடுத்தது ஆல்ஜினேட். இதைப் பற்றிச் சற்று நிதானமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் நம் கல்லூரிகளில் அதிகம் புழங்குவது இதுதான், அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான். பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருகிறது. மன்னார் வளைகுடாக் கரையில், ராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரித்த பாசிகளில் கட்டக்கோரை என்கிற சர்காசம் இதற்காகத்தான் விலைபோனது. ஆல்ஜினேட் சங்கிலியில் இரண்டு வகைச் சர்க்கரை அமிலங்கள் உண்டு: மன்னூரானிக், குலுரானிக். குலுரானிக் பகுதிகள் மடிந்து மடிந்து நிற்கும். அந்த மடிப்புகளில் கால்சியம் அயனி வந்து உட்கார்ந்தால் இரண்டு சங்கிலிகள் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். 1973-ல் முன்வைக்கப்பட்ட இந்த மாதிரிக்கு முட்டைப் பெட்டி என்று பெயர். படத்தைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும். குலுரானிக் அதிகமிருந்தால் கெட்டியான, நொறுங்கும் ஜெல். மன்னூரானிக் அதிகமிருந்தால் வளைந்து கொடுக்கும் ஜெல். எந்தக் கடற்பாசி, எந்தப் பருவம் என்பதைப் பொறுத்து இந்த விகிதம் மாறும். புட்டியில் ‘சோடியம் ஆல்ஜினேட்’ என்று மட்டும் எழுதியிருப்பதை வாங்கி, விகிதம் தெரியாமல் துணைப்பொருளின் விளைவை ஆராய்வது, அடித்தளத்தை அளக்காமல் மாடி கட்டுகிற வேலை.

செய்முறை எளிது. சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் மருந்தைக் கலந்து, சிரிஞ்சு ஊசி வழியே கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால், விழுந்த மாத்திரத்தில் உருண்டையாகிவிடும். முதல் தடவை பார்க்கும் யாருக்கும் சிரிப்பு வரும், அவ்வளவு அழகு. (இப்படிச் சொட்டு விட்டுச் செய்வது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும், கறாராகப் பார்த்தால் அது மைக்ரோஸ்பியர் இல்லை, பீடு. தலைப்பில் மட்டும் மைக்ரோஸ்பியராகிவிடும்.) இதில் கால்சியம் குளோரைடு ஒரு துணைப்பொருள், அதன் செறிவும், உருண்டை அதில் ஊறும் நேரமும் மாறிகள். செறிவைக் கூட்டினால் உருண்டை இறுகும். ஊறும் நேரத்தைக் கூட்டினாலும் இறுகும். ஆனால் மருந்து மெட்ஃபார்மின் மாதிரித் தண்ணீரில் தாராளமாகக் கரைகிறதாக இருந்தால், ஊறும் நேரம் முழுவதும் அது உருண்டையைவிட்டு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். இறுக்கிக் காப்பாற்ற நினைத்த மருந்து கடைசியில் பாத்திரத்துத் தண்ணீரில் கிடக்கும். மருந்து சிக்கிய அளவு குறைவாக வந்தால் பாலிமரைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்தத் தண்ணீரை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் (ஒளி உறிஞ்சப்படுவதை வைத்து மருந்தை அளக்கும் கருவியில்) வைத்துப் பார்க்கலாம்.

இனி நான் அடிக்கடி சண்டை போடும் இடம். கால்சியம் ஆல்ஜினேட் உருண்டையிலிருந்து மருந்து வெளிவரும் வேகத்தை பி.எச். 6.8 பாஸ்பேட் பஃபரில் (பி.எச்.-ஐ மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்) அளக்கிறார்கள். பாஸ்பேட்டுக்குக் கால்சியம் என்றால் உயிர். முட்டைப் பெட்டியிலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். பூட்டு கழன்று உருண்டை ஊதி, கரைந்து, காணாமல் போகும். ‘குடலின் பி.எச்.-இல் மருந்து வேகமாக வெளிவருகிறது’ என்று முடிவு எழுதப்படுகிறது. உண்மையில் குடல்நீரின் பி.எச்.-ஐப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் பைகார்பனேட். பாஸ்பேட் பஃபரில் நாம் அளந்தது ஆல்ஜினேட்டின் குணத்தில் பாதி, பஃபரின் குணத்தில் பாதி. அமிலத்தில் கதை தலைகீழ்: ஆல்ஜினேட் ஆல்ஜினிக் அமிலமாகிச் சுருங்கிக்கொள்ளும், மருந்து அடங்கிக் கிடக்கும். இந்த இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு துணைப்பொருளின் விளைவு என்று எதைக் கண்டுபிடித்தாலும், அது எந்தத் திரவத்தில் தெரிந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதித் தகவல்தான்.

இதே உருண்டையில் ஒட்டுதலைக் கூட்டுவதற்கென்று கார்போபாலையும் கலப்பார்கள். பாலிஅக்ரிலிக் அமிலம், சங்கிலி நெடுகக் கார்பாக்சில் தொகுதிகள், ஒட்டுவதில் பெயர்போனது. ஆனால் அந்தக் கலவையையும் அதே கால்சியம் குளோரைடில்தானே சொட்டு விடுகிறோம்? இரண்டு நேர்மின்னேற்றமுள்ள கால்சியம், கார்போபாலின் கார்பாக்சில்களையும் சேர்த்துக் கட்டிவிடும். ஊதல் குறையும், ஒட்டுதல் குறையும். ஒட்டுவதற்காக ஒன்றைச் சேர்த்து, அடுத்த நிமிடமே அதன் வாயைக் கட்டுகிற வேலை. கார்போபாலின் அளவை இரட்டிப்பாக்கியும் ஒட்டுதல் ஏறவில்லை என்று ஒரு மாணவர் வருத்தப்பட்டுக்கொண்டு வந்தபோது, கால்சியத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள் தம்பி என்றுதான் சொன்னேன்.

வாயுவை உண்டாக்கும் சேர்க்கைகளும் உண்டு. உருண்டை இரைப்பையில் மிதக்க வேண்டும் என்று சோடியம் பைகார்பனேட்டோ கால்சியம் கார்பனேட்டோ சேர்ப்பார்கள். அமிலம் பட்டதும் கரியமில வாயு வரும். ரிபோஃபிளேவினை (வைட்டமின் பி2) வைத்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வு இந்த இரண்டையும் ஆல்ஜினேட்டில் ஒப்பிட்டது. கால்சியம் கார்பனேட் சேர்த்த உருண்டைகள் சிறியதாகவும் உறுதியாகவும் இருந்தன. மருந்தும் மெதுவாக வந்தது. எனக்குப் பட்ட காரணம் இது: கால்சியம் கார்பனேட் வாயுவை மட்டும் விடுவதில்லை, கால்சியத்தையும் உள்ளே விட்டுவிட்டுப் போகிறது. ஜெல் வெளியிலிருந்தும் இறுகுகிறது, உள்ளிருந்தும் இறுகுகிறது. சோடியம் பைகார்பனேட் விட்டுப்போவது சோடியம். அது எதையும் பூட்டாது, ஓட்டைகளை மட்டும் வைத்துவிட்டுப் போகும். வாயு தரும் துணைப்பொருள் என்று ஒரே பெயரில் இரண்டையும் அடைத்தால் இது தெரியாமலே போய்விடும்.

‘மிதக்கும், ஒட்டும் மைக்ரோஸ்பியர்’ என்று தலைப்பு வைத்து இரண்டையும் ஒன்றாகச் செய்கிறவர்களை நான் எப்போதும் ஒரு சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். மிதந்தால் சுவரைத் தொடாது. ஒட்டிவிட்டால் மிதக்கத் தேவையில்லை. ஒன்று தவறினால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது வாதம். இருக்கலாம்.

ஊதலைக் கூட்டினால் ஒட்டுதல் கூடும் என்ற நம்பிக்கையில் நீரை வேகமாக இழுக்கும் சேர்க்கைகளைப் போடுவதும் வழக்கம்: பி.வி.பி., லாக்டோஸ், மானிட்டால், சிதைவைத் தூண்டும் பொருட்கள். முதலில் கூடும் என்பது உண்மை. காய்ந்த பாலிமர் கோழையிலிருந்து நீரை உறிஞ்சும்போதுதான் சங்கிலிகள் விரிந்து நுழையத் தொடங்குகின்றன. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் போனால் கவிழும். வெந்தயம் லேசாக நனைந்தால் விரலில் ஒட்டும், இரவெல்லாம் ஊறினால் வழுக்கிக்கொண்டு ஓடும், பாலிமரும் அப்படித்தான். நீர் மிகுந்துபோனால் சங்கிலிகளுக்கு இடையே பிடிமானம் போய், உருண்டையின் வெளித்தோல் வழவழப்பான களியாகி, அந்தக் களியோடே கழன்றுவிடும். ஒட்டுதல் உடைவது எப்போதும் உருண்டைக்கும் கோழைக்கும் நடுவில்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் அது கோழைக்குள்ளேயே உடைகிறது, இல்லாவிட்டால் உருண்டையின் ஊறிப்போன தோலுக்குள் உடைகிறது.

மேற்பரப்பில் தங்கிவிடும் சேர்க்கைகள்தான் எனக்கு மிகவும் சுவாரசியமானவை, ஏனென்றால் இவற்றை யாரும் ‘சேர்த்தது’ என்று கணக்கில் வைப்பதில்லை. திரவ பாரஃபினில் நீர்த்துளிகளைக் கலக்கி உருண்டை செய்யும் முறையை எடுத்துக்கொள்வோம். துளிகள் ஒன்றோடொன்று சேராமல் இருக்க ஸ்பான் 80 என்ற பால்மமாக்கியைப் போடுவார்கள். அதைக் கூட்டினால் துளி சிறுக்கும், உருண்டை சிறுக்கும், மொத்த மேற்பரப்பு கூடும், மருந்து வெளியே வரக் கடக்க வேண்டிய தூரம் குறையும். ஆக வேகம் கூடும். பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும். ஆனால் உருண்டைகளை ஹெக்சேனிலோ பெட்ரோலியம் ஈதரிலோ எவ்வளவு கழுவினோம் என்பதைப் பொறுத்து, ஸ்பானும் பாரஃபினும் கொஞ்சம் மேலேயே தங்கும். அது எண்ணெய்ப் பிசுக்கு. கோழை என்பது தண்ணீர். நனைந்தால்தான் ஒட்டும். எனவே ஸ்பான் 80-இன் அளவை மாற்றி ஒட்டுதலை அளந்தவர், ஸ்பானின் விளைவை அளந்தாரா, தன் கழுவலின் விளைவை அளந்தாரா என்பது நியாயமான கேள்வி.

மக்னீசியம் ஸ்டீரேட்டும் இந்த ரகம். எத்தில் செல்லுலோஸை அசிட்டோனில் கரைத்துப் பாரஃபினில் சுழற்றும்போது, பிசுபிசுப்பான துளிகள் கட்டிகட்டாமல் இருக்க அதைத் தூவுவார்கள். அது துளியின் விளிம்பில்தான் போய் நிற்கும். அதன் வேலையே அதுதான். உருண்டை காய்ந்த பிறகும் அங்கேயேதான் இருக்கும். தண்ணீரைத் தள்ளும் ஒரு மெல்லிய போர்வை. உள்ளே எவ்வளவு கார்போபால் இருந்தாலும் அது இந்தப் போர்வையைத் தாண்டித்தான் கோழையிடம் பேச வேண்டும்.

ஒட்டுதலை அளக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் அந்தரத்தில் நிற்கும். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் நடப்பது கழுவிப் பார்க்கும் சோதனை. காலையில் கறிக்கடைக்குப் போய்ப் புதிதாக அறுத்த ஆட்டுக்குடலோ இரைப்பையோ வாங்கி வந்து, உப்புக்கரைசலில் அலசி, துண்டாக்கிக் கண்ணாடிச் சில்லில் கட்டி, மேலே உருண்டைகளைத் தூவி, மாத்திரை சிதைவுக் கருவியில் மாட்டிவிட வேண்டியதுதான். கருவி மேலும் கீழும் போகும். மணிக்கொரு தரம் எத்தனை உருண்டை மிச்சம் என்று எண்ண வேண்டும். சுலபம், செலவில்லை, விலங்கு நெறிமுறைக் குழுவிடம் போய் நிற்கவும் வேண்டாம்.

ஆனால் செத்த குடல் புதுக்கோழை சுரக்காது. மேலே மனதில் வைக்கச் சொன்ன எண் இங்கே வருகிறது. உயிருள்ள குடலில் படலமே சில மணி நேரத்தில் மாறிவிடும்போது, சில்லில் கட்டிய திசுவில் பத்து மணி நேரம் ஒட்டியிருந்தது என்ற தகவல் உருண்டையின் பிடியைச் சொல்கிறதே தவிர, உடலில் அது தங்கும் நேரத்தைச் சொல்லவில்லை. இன்னொன்று: திசுவை எவ்வளவு அலசினோம் என்பதிலேயே எவ்வளவு கோழை மிச்சமிருக்கிறது என்பது தீர்மானமாகிவிடும். அழுத்தித் தேய்த்துக் கழுவிய குடலில் செய்த சோதனை, கோழை ஒட்டுதல் சோதனையே அல்ல. கலவைகளை ஒன்றோடொன்று ஒப்பிட இந்தச் சோதனை போதும். அதற்கு மேல் அதை இழுக்கக் கூடாது. மாத்தியோவிட்ஸின் ஆய்வகத்தில் ஒற்றை உருண்டையைக் கம்பி நுனியில் வைத்துக் குடல்திசுவிலிருந்து பிய்த்தெடுக்கத் தேவைப்படும் விசையை நுண்தராசில் அளந்தார்கள். அந்த வசதி நமக்கு எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதும் உண்மைதான்.

இத்தனையையும் ஒரே உதாரணத்தில் காட்டு என்றால் பாலிஎத்திலீன் கிளைகாலைத்தான் காட்டுவேன். பெக் என்று சுருக்கமாகச் சொல்கிற பொருள். 1995-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் பெப்பாஸின் குழு, ஹைட்ராக்சிஎத்தில் மெத்தாக்ரிலேட் வலைக்குள் கட்டப்படாத நீண்ட சங்கிலிகளாக அதைச் சேர்த்தது. ஒட்டுதல் கூடியது. சுதந்திரமான சங்கிலிகள் வலையிலிருந்து நழுவி, பாதி உருண்டைக்குள்ளும் பாதி கோழைக்குள்ளுமாக நின்று பாலம் போட்டன என்பது விளக்கம். ஆக, பெக் ஒட்டுதலைத் தூண்டும் பொருள் என்று பாடம் எழுதினோம்.

2007-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜஸ்டின் ஹேன்ஸின் குழு நேர் எதிரான ஒன்றைக் காட்டியது. பாலிஸ்டைரீன் துகள்களின் மேல் குட்டையான பெக் சங்கிலிகளை நெருக்கமாக நட்டார்கள். அந்தத் துகள்கள் மனிதக் கருப்பைவாய்-யோனிக் கோழையில் எங்கும் ஒட்டாமல், தண்ணீரில் நகர்வதைவிடச் சில மடங்கு மட்டுமே மெதுவாக, உள்ளே புகுந்து போயின. 500 நானோமீட்டர் பெரிய துகளும் போனது. பூச்சில்லாத துகள்களோ ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவாகி அப்படியே சிக்கிக்கொண்டன. அடுத்த ஆண்டு அதே குழு, 2,000 மூலக்கூறு எடை உள்ள சங்கிலிகள் நழுவின, 10,000 எடை உள்ளவை ஒட்டின என்று காட்டியது. நெருக்கம் குறைந்தாலும் ஒட்டும். பின்னால் வந்த ஆய்வுகள் நீளத்தைவிட நெருக்கத்துக்கே அதிக எடை கொடுத்தன. போதுமான நெருக்கத்தில் நட்டால் நீளச் சங்கிலியும் நழுவும்.

ஒரே பொருள். ஒரு முனை மட்டும் கட்டுண்டு நெருக்கமாக நின்றால் நழுவல். தளர்ந்து நீளமாகத் தொங்கினால் ஒட்டல். நம் ஆல்ஜினேட் உருண்டையில் வளையும் தன்மைக்காக பெக் 400 சேர்த்தால் மூன்றாவது கதை: அது நீர்மம், சிறிய மூலக்கூறு, கால்சியம் குளோரைடுத் தண்ணீரிலேயே பெரும்பகுதி கரைந்து வெளியேறிவிடும். கலவை அட்டவணையில் இருக்கும், உருண்டையில் இருக்காது. ‘பெக்கின் விளைவு’ என்று ஒரு பத்தி எழுத வேண்டுமானால் எந்தப் பெக், எவ்வளவு நீளம், எப்படிக் கட்டியது, கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்ற நான்கையும் கேட்காமல் எழுத முடியாது. ஹேன்ஸின் பாதையிலிருந்து சந்தைக்கே மருந்து வந்தது: கண் அறுவைக்குப் பிறகு போடும் லோட்டெப்ரெட்னால் சொட்டு மருந்தான இன்வெல்டிஸுக்கு அமெரிக்கா 2018-ல் அனுமதி கொடுத்தது. கோழையில் ஒட்டாமல் ஊடுருவுவதுதான் அதன் சிறப்பே. ஒட்டும் பக்கத்திலோ சந்தைக்கு வந்தவை பெரும்பாலும் ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஒட்டும் மாத்திரைகள். வாயில் உதடும் ஈறும் ஓரளவு அசையாமல் பிடித்துக்கொள்ளும். குடல் அப்படி இடம் கொடுப்பதில்லை.

மூக்கிலும் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1980-களில் ஸ்டார்ச் மைக்ரோஸ்பியரில் இன்சுலினை வைத்து விலங்குகளின் மூக்கில் தூவினார்கள். ஸ்டார்ச் கோழையின் நீரை உறிஞ்சி ஊதும்போது கீழே இருக்கும் செல்கள் சற்று நேரம் வறண்டு, அவற்றின் இடுக்குகள் திறந்து இன்சுலின் உள்ளே போனது. பிறகு லைசோபாஸ்படிடைல்கோலின் என்ற ஊடுருவல் தூண்டியையும் சேர்த்தபோது இன்னும் அதிகம் போனது. ஆனால் அது செல்சவ்வைக் கரைக்கும் இனம். உருண்டையின் குணத்தை மாற்றுவதற்குப் பதிலாக எதிரே இருக்கும் திசுவின் குணத்தை மாற்றும் சேர்க்கை. தினமும் போடுகிற மருந்தில் இதற்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்.

மின்னேற்றமே இல்லாமல் ஒட்டுகிறவையும் உண்டு என்பதற்காகப் புளியங்கொட்டையை நினைவுபடுத்துகிறேன். அதன் பருப்பிலிருந்து எடுக்கும் சைலோகுளூக்கன், மியூசினைப் போலவே முதுகெலும்பும் பக்கக் கிளைகளுமாக இருக்கும் சர்க்கரைச் சங்கிலி. அந்த உருவ ஒற்றுமையால் கண்ணீர்ப் படலத்தில் நன்றாகத் தங்குகிறது; இத்தாலியில் கண் வறட்சிக்கான சொட்டு மருந்தாகவே கொண்டுவந்தார்கள். கால்சியம் அதன் வாயைக் கட்ட முடியாது, அமினோ பட்ஜெட் பிரச்சினையும் இல்லை. நம்மூரில் புளி உடைக்கும் இடங்களில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் பொருளில் இதைவிட அதிகம் ஆய்வுகள் வரலாம் என்பது என் ஆசை.

கடைசியாக, இப்போது இந்த வேலையில் இருப்பவர்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் ஒரு செய்தி. பழைய கட்டுரைகளில் கார்போபால் 934பி-தான் அதிகம் இருக்கும். அது பென்சீனில் தயாரிக்கப்படுவது. பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது. சர்வதேச வழிகாட்டுதலில் அதற்கான எல்லை பத்து லட்சத்தில் 2 பங்கு. பென்சீனில் செய்த கார்போமர்களை (கார்போபாலின் பொதுப்பெயர்) மாற்றி மருந்துகளை மறுபடி வடிவமைப்பது எப்படி என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 டிசம்பரில் வழிகாட்டுதலே வெளியிட்டது. மாற்றாக வரும் 971பி-யும் 974பி-யும் எத்தில் அசிட்டேட்டில் செய்யப்படுபவை. பெயர் ஒரே குடும்பம், ஆனால் குறுக்குப் பிணைப்பான் வேறு: 934பி-யில் அல்லைல் சுக்ரோஸ், இவற்றில் அல்லைல் பென்டாஎரித்ரிட்டால். 971பி-யில் பிணைப்பு குறைவு, பாகுத்தன்மையும் குறைவு. 974பி பழைய 934பி-க்கு அருகில் வரும். ஆகவே பழைய கட்டுரையின் அட்டவணையை எடுத்து, 934பி என்ற இடத்தில் 971பி என்று எழுதி அதே ஊதலையும் அதே ஒட்டுதலையும் எதிர்பார்க்க முடியாது. முதலில் 974பி-யில் தொடங்கி, ஊதல், ஒட்டுதல், வெளியீடு மூன்றையும் புதிதாக அளந்துவிட்டு, அப்புறம் மற்ற சேர்க்கைகளைத் தொடுவது நல்லது.